மூன்று நாள் திறந்திருக்க வேண்டிய கதவு

நான் சேத்தூருக்குத் திரும்பிப் போக வேண்டுமா வேண்டாமா என்பதைப் பன்னிரண்டு கம்பெனிகள் சேர்ந்து முடிவு செய்தன. அதில் ஒன்று நான் வேலை பார்த்த கம்பெனி. மற்ற பதினொன்றுக்கும் சேத்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. என்னையே அவர்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகத் தெரியும் கட்டங்களில், கேமராவை அணைத்து வைத்திருக்கும் ஒரு கட்டம் நான். அவ்வளவுதான்.

சேத்தூர் என்றால் என் கணவர் வீடு. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அந்த வீட்டில் ஐந்து வருடம் இருந்தேன். அவர் கை நீட்டுவார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. குடித்துவிட்டு அடிப்பவராக இருந்திருந்தால் ஊராவது எனக்காகக் கொஞ்சம் உச்சுக் கொட்டியிருக்கும். அவர் குடிப்பதில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், தோப்பில் நாள் முழுக்க உழைப்பார், யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தியில் நின்று பரிமாறுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் சாம்பாரில் உப்புக் கூடினதற்காக அடித்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

விலா எலும்பில் அடி வாங்கி, மூச்சு விட்டாலே வலித்த ஒரு நாளில் ராஜபாளையத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பேச்சுவார்த்தை. எங்கள் சபைப் போதகர், அப்பா, அண்ணன், எதிரே என் கணவர். அம்மா இறந்து பல வருடமாகிவிட்டது. எனக்காகப் பேச அங்கே ஆளில்லை. அப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைத்திருந்தது. அண்ணன்தான் அந்த ஏற்பாட்டைச் சொன்னார்.

"வேலைக்குப் போறா, சரி. வேலை இருக்க மட்டும் இங்க இருக்கட்டும். வேலை போச்சுன்னா சேத்தூருக்குப் போயிரணும். சும்மா வீட்டுல வச்சுக்கிட்டு ஊருக்குப் பதில் சொல்ல நம்மளால முடியாது."

அப்பா என்னைப் பார்த்து, "ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். கையில் வேலை இருந்தது, அது போகும் என்று நினைக்கவில்லை, அந்த நிமிடத்தில் என் கணவர் எழுந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது. போதகர் ஜெபம் செய்து முடித்துவைத்தார். என் கணவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியோடு சேர்த்து நான்கு பேர். முதலாளி அந்த ஊர்க்காரர். பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்து, அலுத்துப்போய், ஊருக்கே வந்து கம்பெனி தொடங்கியவர். சார் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் செய்தது ஒரு செல்போன் செயலி. வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து கொடுப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக் கொடுப்பவர்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து தங்கள் கூலியைக் கிரிப்டோவில் வாங்கிக்கொள்ள உதவுகிற செயலி. சின்ன வேலை, சின்னக் கூலி. நான் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தூசி படிந்து கிடந்த அந்தப் படிப்பைத் தட்டியெடுத்து, செயலியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்றிருந்தேன்.

கிரிப்டோ நெட்வொர்க் என்றால் என்ன என்று அப்பா ஒருநாள் கேட்டபோது சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. அதற்கு பிளாக் என்று பெயர். யார் யாருக்கு என்ன அனுப்பினாலும் அந்தப் பஸ்ஸில் ஏறினால்தான் போய்ச் சேரும். சீட் இத்தனைதான். நின்றுகொண்டு வர முடியாது, படியில் தொங்க முடியாது. கூட்டம் கூடினால், யார் கூடுதல் கட்டணம் தருகிறாரோ அவருக்கு முதல் இடம்.

"அப்ப பெரிய பஸ்ஸா விட வேண்டியதுதான?" என்றார் அப்பா.

"அதுக்குத்தாம்பா அம்புட்டுச் சண்டையும்."

அந்த வருடம் கூட்டம் தாங்க முடியாமல் போயிற்று. பெரிய தொகை அனுப்புகிறவர்கள் எவ்வளவு கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் ஏற முடியவில்லை. ஒரு படம் வரைந்ததற்கு வருகிற கூலியைவிட, அதை அனுப்புவதற்கான கட்டணம் அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் எங்கள் செயலியை விட்டு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு முதலீடு தந்தவர் சாரை அழைத்து, நெட்வொர்க்கின் கொள்ளளவு கூடினால் தொடர்ந்து தருகிறேன், கூடாவிட்டால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சார் அதை எங்களிடம் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கொள்ளளவைக் கூட்டுவது ஒருவர் கையில் இல்லை. அந்த நெட்வொர்க்குக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. பாதிப் பேர் பழைய விதியிலும் பாதிப் பேர் புதிய விதியிலும் ஓட்டினால் நெட்வொர்க் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே, அதை வைத்துத் தொழில் செய்கிற கம்பெனிகள் பன்னிரண்டு ஒன்றுகூடி, எல்லாரும் ஒரே நாளில் பெரிய பிளாக்குக்கு மாறுவது என்று பேசத் தொடங்கின. கிரிப்டோவை வாங்கி விற்கிற பெரிய சந்தைகள், கொட்டகை கொட்டகையாக மெஷின்களை வைத்து அந்த பிளாக்குகளை உருவாக்குகிற மைனிங்காரர்கள், எங்களைப் போலச் செயலி செய்கிற பொடியர்கள் எல்லாரும் அதில் இருந்தோம். வாரம் ஒருமுறை வீடியோவில் கூட்டம். சார் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் கூட்டங்களைப் போல நாகரிகமான சண்டையை நான் பார்த்ததில்லை. ஒருவரும் குரலை உயர்த்த மாட்டார்கள். முந்தின ஆள் பேசி முடித்ததும் நன்றி சொல்வார்கள், அவர் சொன்னது மிக முக்கியமான கருத்து என்பார்கள், பிறகு அந்தக் கருத்தைக் குழி தோண்டிப் புதைப்பார்கள். எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரே பயம். நான் மாறிய பிறகு அடுத்தவன் மாறாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். வாய் திறந்து அதைச் சொல்ல மட்டும் ஆளில்லை.

நான் சொன்னேன். கேமராவைப் போடாமலே, முதல் தடவையாக அந்தக் கூட்டத்தில் வாய் திறந்தேன்.

எங்கள் அப்பாவுக்கு விசைத்தறிக் கூடம். ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கப் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள்தான். நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற வியாபாரிகளிடம் கூலியை உயர்த்தச் சொல்லி எல்லாரும் சேர்ந்து தறியை நிறுத்துகிற நாட்களில், எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூடமும் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால், ஒரே ஒரு தறி திருட்டுத்தனமாக ஓடினால் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாது. கதவு திறந்திருந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். ஒரு கூடம் ஓடினாலும் மற்றவர்களைக் கட்டுப்படுத்த முடியாது, அவரவர் ஓட்டிக்கொள்ளலாம். அப்பா இந்த விஷயத்தில் ரொம்பக் கறாரான ஆள். ஒருமுறை ஒரு பெரிய ஆர்டர் கைக்கு வந்தும், சொன்ன சொல்லுக்காகக் கதவைத் திறந்துபோட்டு, ஓடாத தறிகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மூன்று நாள் ஒரு ஒத்திகை வைப்போம். பன்னிரண்டு பேரும் புதிய விதியில் ஓடுகிற ஒரு மெஷினைத் தங்கள் சொந்த இடத்தில் வைக்க வேண்டும். எல்லாரும் ஒரே ஆளிடம் வாடகைக்கு எடுத்தால் பன்னிரண்டு கதவு இருந்தும் ஒரே வீடுதான், ஒத்திகைக்கு அர்த்தம் இல்லை. அந்த மூன்று நாளும் யார் வேண்டுமானாலும் யார் மெஷினையும் கூப்பிட்டுப் பார்க்கலாம், அது பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டும் திறந்திருந்தால் ஒப்பந்தம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். ஒன்று மூடினாலும் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை.

ஒவ்வொருவராக நன்றாயிருக்கிறது என்றார்கள். திறந்த கதவு விதி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். சார் மேஜைக்கு அடியில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் தெருவின் வழக்கத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட பெருமை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒத்திகைக்கான நாட்கள் முடிவான பிறகுதான் பேப்பரில் அந்த அறிவிப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. எங்கள் ஒத்திகையின் இரண்டாம் நாள் அது. நாளை மாற்றலாமா என்று சார் கேட்டுப் பார்த்தார். பன்னிரண்டு பேரையும் ஒரு தேதிக்குக் கொண்டுவரப் பட்ட பாட்டை நினைத்து எல்லாரும் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் விடுகிறவரிடம் சொல்லி, ஒன்றை முன்கூட்டியே வாடகைக்குப் பிடித்து வைத்தோம்.

அந்த வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் கேட்டார்.

"வேல எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுண்ணே."

"கம்பெனி ஆட்டங் காணுதுன்னு கேள்விப்பட்டேன். அவிய சேத்தூர்லருந்து போன் பண்ணுனாங்க. வீட்டுக்கு வெள்ள அடிச்சு வச்சிருக்காங்களாம்."

எனக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாராம். அந்தச் சுவர்களில் எந்த இடத்தில் என் தலை மோதியது என்று எனக்குத் தெரியும். அதன் மேலேயும் சுண்ணாம்பு பூசியிருப்பார்.

ஒத்திகையின் முதல் நாள் பிழையில்லாமல் போயிற்று. பன்னிரண்டு கதவும் திறந்திருந்தன. நானும் கூட வேலை பார்த்தவர்களும் மாறி மாறி மற்ற மெஷின்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஒவ்வொன்றும் பதில் சொல்லச் சொல்ல எனக்கு உயிர் வந்தது. ஒத்திகைக்கென்று தனியாக வைத்த நெட்வொர்க்கில் பெரிய பிளாக்குகள் சுகமாக ஓடின. எங்கள் படம் வரைகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் ஏறி உட்கார அதில் தாராளமாக இடம் இருந்தது.

இரண்டாம் நாள் காலை கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. மருந்துக் கடைக்காரர் புகை வருகிறது என்று திட்டினார், ஃப்ரிட்ஜுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்ததும் அமைதியானார். மதியம் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் கொண்டுவந்தவர். மெக்கானிக்குக்குப் போன் போட்டால், அவர் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைக் கோயில் அடிவாரத்தில் ஒரு கல்யாண வேலையில் இருந்தார், இப்போதைக்கு வர முடியாது என்றார். யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. சாருக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது.

"ராஜபாளையத்துல கரண்ட் இருக்கு சார். எங்க அப்பா கூடத்துல வச்சு ஓட்டிருவேன்," என்றேன்.

யூபிஎஸ் அணைவதற்கு முன்னால், பன்னிரண்டு பேரும் இருக்கிற குழுவில் ஒரு செய்தி போட்டேன். எங்கள் ஊரில் மின்தடை, ஜெனரேட்டர் பழுது, மெஷினை மின்சாரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறோம், சீக்கிரம் திரும்பி வருவோம், தயவுசெய்து காத்திருங்கள். யாரோ ஒருவர் அதற்குக் கட்டைவிரல் படம் போட்டார். அதை நம்பினேன். முட்டாள்தனமாக அந்தக் கட்டைவிரலை முழுசாக நம்பினேன்.

மெஷினை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆடிக் காற்று ஜன்னல் வழியே மண்ணை வாரி இறைத்தது. நான் முந்தானையால் மெஷினை மூடிக்கொண்டேன். என் கண்ணில் விழுந்தது போகட்டும் என்று விட்டுவிட்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "என்னம்மா, டிவியா? லக்கேஜ் போடணும்," என்றார். போடுங்கள் என்றேன். வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, கண்டக்டர் யாரிடமோ ஊர்க்கதை பேசி முடித்த பிறகு நகர்ந்தது. டிரைவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆண்டவரே, இந்த ஒரு தடவை மட்டும், இந்த ஒரு தடவை மட்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கூடத்தில் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். ஓரத் தறியை நிறுத்தி, சுவரில் இருந்த பிளக்கைக் காட்டினார். பஞ்சுத் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். செல்போனிலிருந்து இணையத்தைக் கொடுத்து மெஷினை எழுப்பினேன். எழுந்தது. எங்கள் கதவு மறுபடி திறந்தது. நான் பெருமூச்சுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன்.

பிறகு மற்ற கதவுகளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு மைனிங் கம்பெனி பதில் சொல்லவில்லை. அடுத்து ஒரு சந்தை. இன்னொன்று. போனில் குழுவைத் திறந்தேன். வரிசையாகச் செய்திகள் வந்திருந்தன. முதல் செய்தி, ஒரு மெஷின் பதில் சொல்லாததை நாங்கள் கவனித்தோம் என்றது. அடுத்தது, விதிப்படி ஒப்பந்தம் இனி யாரையும் கட்டுப்படுத்தாது என்று புரிந்துகொள்கிறோம் என்றது. அதற்கடுத்தது, மாறிய சூழ்நிலையை யோசித்துப் பார்த்ததில் இந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொள்கிறோம், அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி என்றது. அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி மற்றவர்களும் போட்டிருந்தார்கள். என் செய்தி அவர்கள் எல்லாருக்கும் மேலே, அந்த ஒரு கட்டைவிரலோடு, அப்படியே கிடந்தது.

வந்துவிட்டோம், எங்கள் மெஷின் ஓடுகிறது, பாருங்கள் என்று எழுதினேன். மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை எழுதும்போது எழுத்து எல்லாம் கலங்கித் தெரிந்தது.

அப்பா இன்னொரு தறியையும் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "என்னட்டி ஆச்சு?"

சொன்னேன். நம்ம தெரு வழக்கத்தைத்தான் சொன்னேன்பா, நம்ம கதவுதான் மூடிப்போச்சு, எல்லாரும் போயிட்டாங்க என்று சொன்னேன்.

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "மூடியிருந்தா வந்து தட்டிக் கேக்கணும்லா? என்ன ஏதுன்னு ஒருத்தரும் வந்து கேக்கலயா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எங்கள் தெருவில் வேலை நிறுத்த நாளில் ஒரு கூடத்தின் கதவு மூடியிருந்தால் முதலில் நாலு பேர் போய்த் தட்டுவார்கள். மேலுக்கு முடியவில்லையா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்பார்கள். அப்பாவே எத்தனையோ முறை போய்த் தட்டியிருக்கிறார், உள்ளே இருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அது யாரும் விதி என்று சொல்லி வைத்ததில்லை. அதனால் நானும் கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் என்ன. நிறுத்தம் நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறவன் தட்டுவான். இவர்களுக்கு விலகிப் போக ஒரு மூடிய கதவு தேவைப்பட்டது. நானே முன்னால் வந்து நின்று, இதுதான் சாக்கு என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, போர்வையில் மெஷினைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

மூன்றாம் நாளும் மெஷினை நிறுத்த மனம் வரவில்லை. கூடத்திலேயே அதை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பதில் சொல்ல நாங்களும் இன்னும் இரண்டு சின்னக் கம்பெனிகளும் மட்டும் இருந்தோம். பொடியர்கள் மட்டும். மாலையில் அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதமே ஆபீஸ் காலியானது. சார் எங்களை உட்காரவைத்துச் சொன்னபோது அழுதார். என்னால் அழ முடியவில்லை. மேஜை நாற்காலிகளை எடுக்க ஆள் வந்த நாளில், ஜன்னல் ஓரத்தில் நின்று கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலைக்கு எங்கெல்லாமோ எழுதிப்போட்டிருந்தேன். சென்னைக்கு வா, பெங்களூருக்கு வா என்றார்கள். இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னபோதெல்லாம் அண்ணன் குறுக்கே நின்றார். "தனியா மெட்ராஸ் போறியா? ஒனக்கு எம்புட்டுத் துணிச்சல்?" என்றார். ஆபீஸ் மூடின செய்தி எனக்கு முன்னால் சேத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். போதகர், அண்ணன், அப்பா. என் கணவர் ஒரு கார் அமர்த்திக்கொண்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அண்ணி டீ கொடுத்தாள், சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள், அருமையாக இருக்கிறது தாயி என்றார் என் கணவர். என்னைப் பார்த்துச் சிரித்தார். முந்தின நாளே என் துணிமணிகளைப் பையில் அடுக்கிவைத்திருந்தேன். போவதற்குத்தான் அடுக்கினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சொன்ன சொல், ஆட்டின தலை, செய்த ஜெபம் எல்லாம் இருந்தன.

அண்ணன் ஆரம்பித்தார். "புதுசா பேச ஒண்ணுமில்ல. எல்லாரும் முன்னால உக்காந்து ஒத்துக்கிட்ட விசயந்தான். வேல இருக்க மட்டும்னு சொன்னோம். வேல போயிட்டு."

போதகர் என் பக்கம் திரும்பி, "புறப்படலாமா மகளே?" என்று கேட்டார்.

என் கணவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மெதுவாக, சத்தமே வராமல் வைத்தார். அடிப்பதற்கு முன்னால் கையிலிருப்பதை அப்படித்தான் வைப்பார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றேன். பையை எடுத்துக்கொண்டேன். பேச வாய் திறந்தபோது, என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"மாறுன நெலமைய யோசிச்சுப் பாத்தேன். இந்த ஏற்பாட்டுலருந்து நான் வெலகிக்கிறேன். எல்லாரும் ஒத்தாசையா இருந்ததுக்கு நன்றி."

யாருக்கும் விளங்கவில்லை. அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். "வெலகிக்கிறியா? என்னட்டி, கம்பெனியா இது? போதகர் முன்னால தலையாட்டுனல்லா?"

"ஆட்டுனேன்."

"அப்ப சொன்ன சொல்லு?"

"மாத்திட்டேன்."

அண்ணன் எழுந்தார். என் கணவரும் எழுந்தார். அப்பா கையைக் காட்டி இருவரையும் உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் அவர் கைக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார். ஓடாத தறிகளுக்கு முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த மனிதர். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், அவமானம்தான் இருந்தது.

"நம்ம வீட்டுல சொன்ன சொல்லு மாறுன ஆளு யாரும் கெடையாது," என்றார்.

"இனிமே நான் இருக்கேன்பா."

இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்பா தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. வாசலில் நின்ற காரின் டிரைவர் என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, நான்தான் வரவேண்டியவள் என்று நினைத்துப் பின் கதவைத் திறந்துவிட்டார். அவரைத் தாண்டி நடந்தேன். இப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன், அவர்களுடைய பெண்கள் விடுதியிலேயே தங்கியிருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு வருகிற துணிகளில் அப்பா கூடத்தில் நெய்ததும் வரும். அதன் ஓரத்தைப் பார்த்தே எனக்கு அடையாளம் தெரியும். அப்பா இன்றுவரை என்னோடு பேசவில்லை.